கைப்பேசியில் வானம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்மீன் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்காக இது. டெலஸ்கோப் இருக்கவேண்டும் என்று இல்லை. மொட்டை மாடியும் கொஞ்சம் இருட்டும் போதும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்நாட்டு வானத்துக்கானவை. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருப்பவர்களுக்கும் சில டிகிரி வித்தியாசத்தில் அப்படியே பொருந்தும்.

எந்தச் செயலியை இறக்குவது?

ஒன்றே ஒன்று போதும் என்றால் ஸ்டெல்லேரியம். அந்தி வெளிச்சம் மங்குவது, நிலா வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் மறைவது, தொடுவானத்தை ஒட்டி எல்லாம் மங்கலாவது என்று வெளியே நடப்பதை ஓரளவு அப்படியே திரையில் காட்டும். கணினியில் ஓடும் பதிப்பு முழுக்க இலவசம், திறந்த மூலநிரல். போன் பதிப்பில் அடிப்படை வசதிகள் இலவசம். டெலஸ்கோப்பை இணைப்பது போன்றவற்றுக்குக் காசு. வீட்டில் கணினி இருந்தால் பகலில் அதில் திட்டம் போட்டுக்கொண்டு இரவில் போனோடு மேலே போகலாம்.

பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்கை மேப். கூகுள் 2009-இல் வெளியிட்டு, 2012-இல் மூலநிரலைப் பொதுவில் விட்டுவிட்ட செயலி அது. அழகு என்று ஒன்றும் கிடையாது. கறுப்புப் பின்னணியில் புள்ளிகளும் கோடுகளும்தான். ஆனால் சிறியது, இலவசம், இணையம் இல்லாமல் ஓடும்.

ஸ்கைசஃபாரி டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கானது; அதைப் பற்றிக் கீழே. ஸ்டார் வாக் 2 கண்ணுக்கு விருந்து, சின்னப் பிள்ளைகளை வானத்தின் பக்கம் இழுக்க நல்லது. அதற்காக நாலைந்தை ஒன்றாக இறக்கி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தால் எதுவும் பழகாது.

போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேமராவா?

பெரும்பாலான செயலிகளுக்குக் கேமராவே தேவையில்லை. போன் வானத்தைப் பார்ப்பதும் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஜி.பி.எஸ். சொல்கிறது. மணி என்ன என்று கடிகாரம் சொல்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் இப்போது உங்கள் தலைக்கு மேல் எது இருக்கிறது என்பது சுத்தக் கணக்கு. அதில் பிழை வராது.

மிச்சம் இருப்பது போன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கேள்வி. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை முடுக்கமானி சொல்லும். எந்தத் திசை என்பதைக் காந்தமானி, அதாவது போனுக்குள் இருக்கும் திசைகாட்டி சொல்லும். நகர்த்தும்போது படம் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஜைரோஸ்கோப். இந்த மூன்றில் வம்பு செய்வது எப்போதும் காந்தமானிதான்.

செவ்வாய் அங்கே இருக்கிறது, செயலி பக்கத்து வீட்டுக்கு மேல் காட்டுகிறது. ஏன்?

காந்தமானி பாதை மாறிவிட்டது. உயரம் சரியாக இருக்கும், திசை மட்டும் பத்து இருபது டிகிரி தள்ளியிருக்கும்; இந்த அறிகுறி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மொட்டை மாடி இதற்கு மோசமான இடம். காலுக்குக் கீழே தளம் முழுக்கக் கம்பி. கைப்பிடிச் சுவரில் இரும்புக் குழாய், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, துணி காயப்போடும் கம்பி. போதாததற்குக் காந்தம் வைத்த மடிப்பு உறை ஒன்றைப் போனுக்கே மாட்டியிருப்போம். முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள். காருக்கு உள்ளேயும் அதன் மேல் சாய்ந்துகொண்டும் பார்க்காதீர்கள். அப்புறம் போனைக் கையில் பிடித்துக் காற்றில் 8 போடுங்கள், மணிக்கட்டையும் திருப்பித் திருப்பி. காந்தமானி தன்னைச் சரிசெய்துகொள்ளும். மாடியின் நடுவில், தரையிலிருந்து மார்பு உயரத்தில் செய்வது நல்லது.

காந்த வடக்கும் உண்மையான வடக்கும் வேறு என்று சிலர் கவலைப்படுவார்கள். நம் பக்கம் அந்த வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். செயலியும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: அந்தத் தானியங்கி முறையை அணைத்துவிடுங்கள். எல்லாச் செயலியிலும் திசைகாட்டிப் பொத்தான் ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் படம் நின்றுவிடும். அதன்பின் விரலால் இழுத்துப் பார்க்கலாம். வானத்தில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, நிலாவையோ வெள்ளியையோ, திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போங்கள். திசை தவறவே தவறாது. போனைத் தூக்கிப் பிடித்துக் கை வலிக்காது. முக்கியமாக, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மனதில் தங்கும். போன் காட்டும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் ஆனாலும் ஓரியன் என்ற விண்மீன் கூட்டம் எங்கே என்று போனைத்தான் கேட்கவேண்டியிருக்கும்.

போனைத் திருப்பினாலும் என் திரையில் படம் அசையவே இல்லை.

விலை குறைந்த சில போன்களில் காந்தமானியோ ஜைரோஸ்கோப்போ இருக்காது. காந்தமானி இல்லையென்றால் சுட்டிக் காட்டும் வசதி வேலை செய்யாது. ஜைரோஸ்கோப் மட்டும் இல்லையென்றால் படம் நடுங்கும், தாமதமாக நகரும். மேலே சொன்ன கையால் இழுக்கும் முறைக்கு இரண்டுமே வேண்டாம் என்பதால் புதுப் போன் வாங்க இதை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள்.

டேப்லெட் இருந்தால் நல்லதா?

திட்டம் போடுவதற்கும் நாலு பேர் சேர்ந்து பார்ப்பதற்கும் நல்லது. டெலஸ்கோப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துக்கொண்டால் வரைபடத்தைப் படிக்க வசதி. கையில் தூக்கிப் பிடித்துத் தேடுவதற்குப் பாரம். வெளிச்சமும் போனைவிட அதிகம்; கண்ணை அதிகமாகக் கெடுக்கும்.

சிம் போடும் வசதி இல்லாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது. வீட்டு வைஃபையை வைத்து இடத்தை ஊகித்துக்கொள்ளும். ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால் இன்னும் சென்னையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஊர்ப் பெயரைக் கையால் போட்டுவிடுங்கள். நேர மண்டலம் 5.30 என்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தீர்க்கரேகையில் ஒரு டிகிரி தவறினால் வானம் நாலு நிமிடம் முன்னே பின்னே போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நேர மண்டலம் தவறினால் மொத்த வானமும் வேறு.

செயலியில் ஆயிரக்கணக்கில் தெரிகிறது. மேலே பார்த்தால் பத்துதான். எதை நம்புவது?

இரண்டையும். நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற அளவில் சொல்வார்கள். எண் ஏற ஏற மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் -1.46. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். சென்னை, கோவை போன்ற ஊர்களின் நடுவில் 3 தாண்டுவதே பாடு. வானம் முழுவதிலும் 3-க்கு மேல் பிரகாசமானவை இருநூறைத் தாண்டாது, அதிலும் பாதி எப்போதும் தொடுவானத்துக்குக் கீழே. புகை, ஈரம், பக்கத்துக் கட்டடம் எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது சில டஜன்.

செயலியின் அமைப்புகளில் எந்தப் பொலிவெண் வரை காட்டவேண்டும் என்று கட்டுப்படுத்தலாம். ஸ்டெல்லேரியத்தில் ஒளி மாசு அளவையும் கூட்டலாம். அது போர்ட்டில் அளவுகோல். அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001-இல் வகுத்தது. 1 என்றால் அப்பழுக்கற்ற இருட்டு, 9 என்றால் மாநகரத்தின் மையம். நகரவாசிகள் 8 வைத்துப் பாருங்கள். திரை கிட்டத்தட்ட உங்கள் மாடி வானம் போலவே காலியாகிவிடும், அடையாளம் காண்பதும் சட்டென்று எளிதாகிவிடும். தொடங்குபவர்கள் செய்யவேண்டிய முதல் மாற்றம் இதுதான். பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

திரையில் பக்கத்தில் இருப்பது மேலே எவ்வளவு தூரம்?

இதுவும் எல்லோரையும் குழப்பும். திரையில் ஓர் அங்குலம் இருப்பது வானத்தில் அரைவாசி தூரம் போயிருக்கும். கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரல் நகத்தின் அகலம் சுமார் 1 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறத்தாழ 20. நிலா அரை டிகிரிதான், நீட்டிய கையின் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். செயலியில் ஒரு பொருளைத் தொட்டால் உயரம் இத்தனை டிகிரி, திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்காக எண்ணுவது) இத்தனை டிகிரி என்று காட்டும். தொடுவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டி வைத்து எண்ணிக்கொண்டு போனால் இடம் கிடைத்துவிடும்.

சிவப்புத் திரை எதற்கு?

இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளைத் திரையை ஒரு தடவை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மங்கலில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது என்பதால்தான் இரவு முறை சிவப்பில் இருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. செயலி சிவப்பானாலும் நடுவில் ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பு வந்தால் வெள்ளையாகத்தான் பளிச்சிடும். ஐபோனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் வண்ண வடிகட்டி இருக்கிறது. அதைச் சிவப்பாக வைத்தால் மொத்தப் போனும் சிவக்கும். ஆண்ட்ராய்டில் படுக்கை நேரத்துக்கென்று வரும் மஞ்சள் வெளிச்சம் இதற்குப் போதாது. விமான முறையில் போட்டு, பிரகாசத்தை ஒரேயடியாகக் குறைத்து, செயலியின் சிவப்பை இயக்குங்கள். எல்.சி.டி. திரைகளில் கறுப்பே கொஞ்சம் சாம்பலாக ஒளிரும். ஓலெட் திரை இந்த விஷயத்தில் மேல். நகரத்துக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை, தெருவிளக்கே கண்ணைப் பழக விடாது.

எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் செயலியில் இல்லையே. கார்த்திகை, திருவாதிரை எல்லாம் எங்கே?

எல்லாம் இருக்கின்றன, வேறு பெயரில். தேடும் பெட்டியில் இடவேண்டிய பெயர்களைச் சொல்கிறேன். கார்த்திகை என்பது பிளையடீஸ். ரோகிணி அல்டெபரான். திருவாதிரை ஓரியனின் தோளில் சிவப்பாக இருக்கும் பெட்டல்ஜூஸ். மிருகசீரிடம் அதே ஓரியனின் தலைப்பக்கம் உள்ள மங்கலான மூன்று. புனர்பூசம் கேஸ்டர், பொல்லக்ஸ் இரண்டும் சேர்ந்தது. மகம் ரெகுலஸ், உத்திரம் டெனெபோலா, அஸ்தம் கார்வஸ் என்ற சின்ன நாற்கரம். சித்திரை ஸ்பைக்கா. சுவாதி ஆர்க்டூரஸ். கேட்டை அண்டாரஸ், மூலம் அதற்குக் கீழே வளையும் விருச்சிகத்தின் வால். திருவோணம் அல்டேர். அவிட்டம் டெல்ஃபினஸ் என்ற சின்ன விண்மீன் கூட்டம்.

இருபத்தேழும் ஒரே மாதிரிப் பிரகாசமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவாதி மாநகரத்திலும் கண்ணைப் பறிக்கும். சதயத்தை இருட்டான ஊரில்கூடச் செயலி இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். இவை நிலாவின் பாதையைப் பிரிப்பதற்காக வைத்த மைல்கற்கள். பிரகாசத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கார்த்திகை தீபத்தன்று செயலியைத் திறந்து பாருங்கள், முழுநிலா பிளையடீஸுக்குப் பக்கத்தில் இருக்கும். மாதத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

அருந்ததிக்கு அல்கோர் என்று தேடுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் உள்ள மிசார்தான் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. இடைவெளி ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் நன்றாக இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். ஆவணி மாதத்தில் காலை ஆறு மணி முகூர்த்தத்தில் அருந்ததி பார்க்கச் சொன்னால், அவர் இன்னும் உதித்திருக்கவே மாட்டார் என்பதையும் செயலி காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் சொல்லவேண்டாம்.

பஞ்சாங்கத்தில் சூரியன் மகரத்துக்கு வந்துவிட்டது. செயலி தனுசு என்கிறது. எது தப்பு?

இரண்டும் தப்பில்லை, எல்லைக் கோடு வேறு. தை முதல் நாள் செயலியில் சூரியனைத் தொட்டுப் பாருங்கள், தனுசு என்றுதான் வரும். ஜனவரி 20 வாக்கில்தான் மகரத்துக்குள் போகும். ஆங்கில நாளிதழின் ராசிபலனில் டிசம்பர் 22 வாக்கிலேயே மகரம் தொடங்கியிருக்கும். ஒரே சூரியனுக்கு மூன்று தேதிகள்.

செயலி பின்பற்றுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் எல்லைகளை. வானம் முழுவதையும் 88 விண்மீன் கூட்டங்களாக, வயல் வரப்பு போல ஒழுங்கில்லாத கோடுகளால் பிரித்து 1930-இல் வெளியிட்டார்கள். அதில் கன்னிக்குள் சூரியன் ஒன்றரை மாதம் இருக்கும். விருச்சிகத்தில் ஒரு வாரம்தான். விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவில் ஒஃபியூகஸ் என்ற பதின்மூன்றாவது கூட்டத்தில் பதினெட்டு நாள் தங்கும். நம் பஞ்சாங்கம் சூரியப் பாதையைச் சரிசமமாகப் பன்னிரண்டு 30 டிகிரிகளாக வெட்டுகிறது; தொடக்கப் புள்ளியை நட்சத்திரங்களோடு பிணைத்திருக்கிறது. மேற்கத்திய ராசியும் அதே பன்னிரண்டு சம பங்குதான், ஆனால் தொடக்கம் மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் புள்ளி. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் அந்தப் புள்ளி நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே போகிறது. இப்போது இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 டிகிரி.

இதைச் சொன்னால் அப்படியென்றால் ஜோசியம் பொய்யா, மெய்யா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இந்தச் செயலிகளில் பதில் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பதில் ஏதாவது தனி வசதி உண்டா?

நிறைய. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு, தெற்கு இரண்டு வானமும் நமக்குக் கிடைக்கும். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தை அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1986-இலிருந்து அங்கே 2.3 மீட்டர் டெலஸ்கோப் ஓடுகிறது.

பெரும்பாலான செயலிகளின் ‘இன்று இரவு என்ன பார்க்கலாம்’ பட்டியலும் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளும் ஐரோப்பா, அமெரிக்காவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களில் பலருடைய வானத்தில் ஏறாததால் சொல்லாமல் விட்ட மூன்றை இங்கே சொல்கிறேன். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால் அகத்திய நட்சத்திரம், செயலியில் கனோபஸ். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம். சென்னையில் 24 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 29. லண்டன்காரர்கள் அதைத் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது. மே மாதத்தின் நடுவில் அதே ஒன்பது மணிக்குத் தெற்குச் சிலுவை நேராக நிற்கும். அதன் அடி நட்சத்திரம் சென்னையில் 14 டிகிரிதான், அதனால் தெற்கில் கடலோ வயலோ திறந்து கிடக்கும் இடம் வேண்டும். மே கடைசியில் ஒமேகா சென்டாரி. பல லட்சம் நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. பைனாகுலரில் பஞ்சுப் பொட்டு போலத் தெரியும். சென்னையில் 30 டிகிரி உயரம் வரை ஏறும்.

இதற்கு விலையும் உண்டு. துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, குமரியில் 8. பெரும்பாலும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டெலஸ்கோப்பின் தாங்கியைத் துருவத்தை நோக்கி அமைக்கவேண்டியவர்களுக்கு இது தலைவலி.

தேதி, நேரத்தை மாற்றும் வசதி எல்லாச் செயலியிலும் உண்டு. நட்சத்திரங்கள் நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன; மாதத்துக்கு இரண்டு மணி நேரம். எனவே மே மாத ஒன்பது மணி வானத்தைப் பார்க்க அவசரப்படுபவர்கள் மார்ச் மாத நடுவில் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நம் வானம் தெளிவாக இருக்கும் என்பதால் இப்படிச் செய்வதில் அர்த்தமும் இருக்கிறது.

வேகமாக ஒரு வெளிச்சம் போனது. செயலியில் அது இல்லை.

சிமிட்டினால் விமானம். சிமிட்டாமல், சத்தமில்லாமல் ஒரே சீராகப் போனால் செயற்கைக்கோள். அதற்கு ஹெவன்ஸ்-அபவ் தான் சரியான செயலி. சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேல் எந்த நிமிடம், எந்தத் திசையில் எழுந்து எங்கே மறையும் என்று வரைபடத்தோடு கொடுக்கும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு தடவை கடந்துபோக அதிகபட்சம் ஆறேழு நிமிடம். சூரியன் மறைந்த பின் கொஞ்ச நேரமும் விடியலுக்கு முன் கொஞ்ச நேரமும்தான் தெரியும், ஏனென்றால் நமக்கு இருட்டி, அதற்கு வெயில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். வரிசையாக மணி கோத்தாற்போல் போனால் புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள்.

நட்சத்திரக் கணக்கு ஆண்டுக் கணக்கில் மாறாது. செயற்கைக்கோளின் பாதை நாளுக்கு நாள் மாறும். எனவே இந்தத் தகவல் புதியதாக இருக்க இணையம் வேண்டும். வால்நட்சத்திரங்களுக்கும் அப்படித்தான், பட்டியலைப் புதுப்பிக்கவில்லை என்றால் புதிதாக வந்த ஒன்று இருக்கவே இருக்காது. அதன் பொலிவெண்ணாகச் செயலி காட்டுவதை அரைகுறையாகத்தான் நம்பவேண்டும். வால்நட்சத்திரங்கள் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

இணையம் இல்லாத மலைப்பகுதிக்குப் போகிறேன். வேலை செய்யுமா?

செய்யும். புறப்படும் முன் வீட்டிலேயே ஒருமுறை விமான முறையில் திறந்து பாருங்கள். சில செயலிகள் மங்கலான நட்சத்திரங்களையும் கேலக்ஸி படங்களையும் அவ்வப்போது இணையத்திலிருந்து இறக்குகின்றன. மின்கலம் சீக்கிரம் தீரும், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர், டெலஸ்கோப் இருந்தால் செயலி எப்படி உதவும்?

முதல் உதவி, கருவி வழியாக எவ்வளவு வானம் தெரியும் என்பதை வட்டமாக வரைந்து காட்டுவது. ஸ்கைசஃபாரியிலும் ஸ்டெல்லேரியத்தின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பிலும் உங்கள் கருவியின் விவரத்தைக் கொடுத்தால் போதும். கணக்கு எளிது. 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப்பில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லை போட்டால் 48 மடங்கு பெரிதாகும். அந்த வில்லையின் பார்வைக்கோணம் 50 டிகிரி என்றால், 50-ஐ 48-ஆல் வகுக்க ஏறத்தாழ 1 டிகிரி, அதாவது இரண்டு நிலா அகலம். திரையில் அந்த வட்டத்தை வைத்துக்கொண்டு பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து எத்தனை வட்டம் தள்ளிப் போகவேண்டும் என்று எண்ணலாம். 10×50 பைனாகுலருக்கு வட்டம் ஆறேழு டிகிரி.

இரண்டாவது, படத்தைக் கவிழ்ப்பது. நியூட்டன் வகை டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வில்லை வகையில் பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் இடம் வலம் மாறும். செயலியில் அதற்கான பொத்தானைத் தட்டாமல் ஒப்பிட்டால் வியாழனின் நிலவுகளில் எது எது என்று புரியாமல் விழிப்பீர்கள். வியாழன் நல்ல பயிற்சி: ஐயோ என்ற நிலவு ஒன்றே முக்கால் நாளில் ஒரு சுற்று வந்துவிடும் என்பதால் ஒரே இரவில் இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம், செயலியில் நேரத்தை ஓட்டி முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, போனையே டெலஸ்கோப்பின் மேல் கட்டிவிடுவது. செலஸ்ட்ரான் நிறுவனத்தின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் டெலஸ்கோப்புகள் 2020-இல் வந்தன. அவற்றில் போனின் கேமரா நிஜமாகவே வானத்தைப் படம் எடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கும். காந்தமானியின் தொல்லை அங்கே இல்லை. காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு அஸ்ட்ரோஹாப்பர் இருக்கிறது. உலாவியில் ஓடும் இலவச நிரல். டெலஸ்கோப்பைத் தெரிந்த நட்சத்திரத்துக்குத் திருப்பி இதுதான் என்று சொல்லிவிட்டால், அங்கிருந்து பக்கத்தில் உள்ள இலக்குக்கு எவ்வளவு நகர்த்துவது என்று காட்டும். தொடக்கப் புள்ளி பக்கத்தில் இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

செயலியில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இளஞ்சிவப்பில் ஜொலிக்கிறது. என் டெலஸ்கோப்பில் சாம்பல்.

டெலஸ்கோப் பழுதில்லை. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமரா பல நிமிடம் வெளிச்சத்தைச் சேர்த்து வைத்து எடுத்த படம் அது. எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள, அமைப்புகளில் அந்தப் படங்களை அணைத்துவிடலாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் ஒரு மங்கல் கறைதான். அந்தக் கறையின் வெளிச்சம் 25 லட்சம் ஆண்டுக்கு முன் புறப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மங்கலாக இருப்பது ஒரு குறையாகத் தோன்றாது.

கிரகணத்தை முன்கூட்டியே பார்க்கலாமா?

தாராளமாக. இடத்தை மதுரை என்றும் தேதியை 2031 மே 21 என்றும் வையுங்கள். நண்பகலைத் தாண்டி நேரத்தை மெல்ல ஓட்டினால் சூரியன் வளையமாவது தெரியும். அன்று தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக அந்தப் பாதை போகிறது. இடத்தைச் சென்னைக்கு மாற்றினால் வளையம் போய்ப் பிறை மட்டும் மிஞ்சும். சரிபார்க்க 2019 டிசம்பர் 26-க்குப் போய்க் கோயம்புத்தூரைப் பாருங்கள், அன்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பகலில் செயலியின் துணையோடு சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள புதனையோ வெள்ளியையோ பைனாகுலரில் தேடாதீர்கள். கை கொஞ்சம் தவறினால் பார்வை போய்விடும். இதில் விளையாட்டே வேண்டாம்.

காசு கட்டவேண்டுமா? நட்சத்திரத்துக்குப் பிள்ளையின் பெயர் வைக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே?

முதல் வருடம் எதுவும் கட்டவேண்டாம். சில செயலிகள் மூன்று நாள் இலவசம் என்று சொல்லி அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு வாரச் சந்தா பிடிப்பார்கள். விலைப் பகுதியைப் படித்துவிட்டுத் தட்டுங்கள். இருப்பிட அனுமதி கேட்பது நியாயம். தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் நீக்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில், நட்சத்திரப் பெயர்களை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம், அது பெயர்களை விற்பதில்லை. நீங்கள் வாங்குவது ஒரு சான்றிதழ்த் தாள். அந்தப் பணத்துக்கு ஒரு பைனாகுலர் வருமா என்று விசாரித்துப் பாருங்கள்.